பழைய டெஸ்க்டாப்பில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது?

போன மாதம் யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்தேன். சிடிஇ என்ற பழைய டெஸ்க்டாப்பை என் லினக்ஸ் மடிக்கணினியில் நிறுவினேன். தொண்ணூறுகளின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பின்னோ கல்லூரி லேபில் சன் ஒர்க்ஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: திரையின் அடியில் ஒரு தடித்த பட்டை, அதன் நடுவில் நான்கு ஒர்க்ஸ்பேஸ் பொத்தான்கள், எல்லா ஜன்னலுக்கும் உளியால் செதுக்கியது போன்ற ஓரம். எச்பி, ஐபிஎம், சன் உள்ளிட்ட நிறுவனங்கள் 1993-ல் கூட்டாக அறிவித்த டெஸ்க்டாப் இது. யூனிக்ஸ் உலகத்துக்கு ரொம்ப காலம் இதுதான் முகம். 2012 ஆகஸ்டில் மூலநிரலை எல்ஜிபிஎல் உரிமத்தில் திறந்து விட்டார்கள், அதனால் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவலாம்.

நிறுவி உள்ளே நுழைந்ததும் இரண்டு தொல்லை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல அத்தனை பொடி. அப்புறம், தமிழில் பெயர் வைத்திருந்த கோப்புகள் எல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய வணிகக் குறியுமாக வரிசை கட்டி நின்றன. பார்த்த உடனே எனக்குத் தோன்றியது, "நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும்" என்பதுதான். ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் பிடித்தது, உங்களுக்குப் பத்து நிமிடத்தில் முடியட்டும்.

முதலில் அச்சகத்துக்குப் போவோம், ஈய எழுத்துக் காலத்து அச்சகம். கையெழுத்துப் பிரதி வருகிறது. அதில் இருப்பது என்ன எழுத்து என்று படிக்கத் தெரிய வேண்டும், அது ஒரு வேலை. பெட்டியில் அந்த எழுத்துக்கான ஈய அச்சு இருக்க வேண்டும், அது இரண்டாவது. எடுத்த அச்சுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று அச்சுக்கோப்பவருக்குத் தெரிய வேண்டும், அது மூன்றாவது. 'கொ' என்று வந்தால் அவர் முதலில் கொம்பை எடுத்து வைப்பார், பிறகு ககரம், பிறகு கால். பிரதியைப் படிக்கத் தெரியாதவரிடம் எவ்வளவு அழகான ஈய எழுத்தைக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, படிக்கத் தெரிந்தவரிடம் பெட்டியே காலியாக இருந்தாலும் இல்லை.

கணினியிலும் இதே மூன்றுதான். வட்டில் இருப்பது வெறும் பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையான எண்கள். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் ஒப்பந்தம் குறிமுறை, எல்லாரும் என்கோடிங் என்பது. அந்த எழுத்துக்குத் திரையில் என்ன உருவம் என்று வைத்திருப்பது எழுத்துரு. உருவங்களை எந்த வரிசையில், எதை எதோடு ஒட்டி வைப்பது என்று தீர்மானிப்பது மூன்றாவது வேலை. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலும் தெரியாது.

இப்போது என் கோப்புப் பெயர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. 'க' என்ற எழுத்துக்கு அது கொடுத்திருக்கும் எண், நம் பத்தடிமானக் கணக்கில், 2965. ஒரு பைட்டில் 255-க்கு மேல் போகாதே, 2965-ஐ எப்படி வட்டில் எழுதுவது? அதற்கான வழிதான் யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் ஓர் உணவகத்தில் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த தாளில் கிறுக்கி வடிவமைத்தது அது. அதன்படி 'க' மூன்று பைட்டாகிறது: 224, 174, 149. தமிழ் எழுத்துகள் எல்லாமே 224-ல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வந்து, மூன்றாவது மட்டும் மாறும். இதைத் தெரிந்துகொண்டால் அந்தக் குப்பையின் ரகசியம் பிடிபட்டுவிடும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய ஒப்பந்தம் லத்தீன்-1. அதன்படி 224 என்பது கோடு போட்ட அந்த 'ஏ', 174 என்பது வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்'. சிடிஇ என் தமிழை லத்தீன்-1 என்று நினைத்துக்கொண்டு படித்திருக்கிறது. எழுத்துருவின் மேல் ஒரு தப்பும் இல்லை, படித்ததே தப்பு. நான் தமிழ் எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டதெல்லாம், பிரதியைப் படிக்கத் தெரியாதவருக்குப் புதுப்புது ஈய எழுத்து வாங்கிக் கொடுத்த கதைதான்.

இதை வைத்து ஒரு சின்னச் சோதனை முறை சொல்லிவிடலாம். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு மொழிக் குறிகள் ஒன்றுக்கு மூன்றாக வந்தால் பெரும்பாலும் குறிமுறைக் கோளாறு. வெற்றுக் கட்டம் வந்தால் எழுத்துருவில் அந்த உருவம் இல்லை. தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறியோ, புள்ளிபோட்ட வட்டம் ஒன்றைக் கூட்டிக்கொண்டோ வருகிறது என்றால் அடுக்குகிற வேலை நடக்கவில்லை. இந்த மூன்றையும் ஒரே வியாதி என்று நினைப்பதால்தான் ஆளாளுக்கு மணிக்கணக்கில் தலையை உடைத்துக்கொள்கிறோம்.

சரி, பழைய டெஸ்க்டாப்பில் இது ஏன் இத்தனை சிக்கலாக இருக்கிறது? ஏனென்றால் அந்தக் காலத்தில் எழுத்துருவும் குறிமுறையும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள். சிடிஇ உட்கார்ந்திருப்பது 1987-ல் வந்த எக்ஸ்11 என்ற ஜன்னல் அமைப்பின் மேல். அதில் ஓர் எழுத்துருவின் முழுப் பெயர் 14 பகுதிகள் கொண்டது, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு சிறு கோடு. வார்த்த நிறுவனம், குடும்பப் பெயர், தடிமன், நேரா சாய்வா, எத்தனை பிக்சல் உயரம், எத்தனை புள்ளி அளவு, எந்தத் திரை அடர்த்திக்காகச் செய்தது என்று ஜாதகம் போல வரிசையாக வரும். புள்ளி அளவைப் பத்தால் பெருக்கி எழுத வேண்டும் என்பது கூடுதல் வேடிக்கை, 12 புள்ளி என்றால் 120. கடைசி இரண்டு பகுதிகளைக் கவனியுங்கள், அங்கே ஐஎஸ்ஓ8859, 1 என்று இருக்கும். அது குறிமுறையின் பெயர், நாம் மேலே பார்த்த லத்தீன்-1-தான். அதாவது எழுத்துருவின் பெயரிலேயே குறிமுறை தைக்கப்பட்டிருக்கிறது.

இதன் விளைவு என்னவென்றால், கூரியர் என்று ஓர் எழுத்துரு இல்லை, மேற்கு ஐரோப்பாவுக்கு ஒரு கூரியர், கிழக்கு ஐரோப்பாவுக்கு ஒரு கூரியர். 179 என்ற ஒரே பைட் முதலாவதில் மேலே தூக்கி எழுதிய 3, இரண்டாவதில் போலந்துக்காரர்கள் எழுதும் வெட்டுப்போட்ட 'எல்'. கோப்பில் எந்த மாற்றமும் செய்யாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் உரையே மாறிவிடும்.

நமக்கு இது புதுசு இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்கள் கையைத் தூக்குங்கள். அதில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்பில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் முகமூடி கழன்று ஆங்கிலக் குப்பை தெரியும். நம்மில் பலருக்கு "எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை வந்ததே இந்தப் பழக்கத்தால்தான் என்பது என் எண்ணம், ஏனென்றால் பாமினி காலத்தில் உண்மையிலேயே சரியாகிவிடும்!

அடுத்து பொடி எழுத்து. பழைய எக்ஸ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை பிட்மேப், அதாவது கோலப்புள்ளி மாதிரி ஒவ்வொரு எழுத்தும் இத்தனைக்கு இத்தனை என்று புள்ளி வைத்து வரைந்தது. அங்குலத்துக்கு 75 புள்ளித் திரைக்கு ஒரு தொகுப்பு, 100 புள்ளித் திரைக்கு ஒரு தொகுப்பு, அத்தோடு சரி. 1280-க்கு 1024 பிக்சல் கொண்ட 17 அங்குல எல்சிடியில் அங்குலத்துக்குச் சுமார் 96 பிக்சல். 14 பிக்சல் எழுத்து அதில் ஏறக்குறைய 3.7 மில்லிமீட்டர் உயரம், உறுத்தாமல் படிக்கலாம். என் மடிக்கணினி 15.6 அங்குல 4கே திரை, அங்குலத்துக்குச் சுமார் 282 பிக்சல், அதே 14 பிக்சல் எழுத்து 1.3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பெரிதாக்கினால்? கோலப்புள்ளியை இழுத்துப் பெரிதாக்கிய மாதிரி படிக்கட்டு படிக்கட்டாக வரும்.

இதற்குத் தீர்வாக 2000-ஐ ஒட்டி கீத் பேக்கர்ட் கொண்டுவந்ததுதான் எக்ஸ்எஃப்டி. பழைய முறையில் எழுத்தை வரைவது எக்ஸ் சர்வர், அதாவது திரையைக் கையில் வைத்திருக்கும் எக்ஸ்11-ன் மையப் பகுதி. நிரல் அதனிடம் "இந்த எழுத்துருவில் இந்த எண்ணை வரை" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். எக்ஸ்எஃப்டியில் நிரலே ஃப்ரீடைப் நூலகத்தை (நூலகம் என்றால் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) வைத்து எழுத்தை வரைந்து, ஓரங்களை மென்மையாக்கி, படமாக சர்வரிடம் கொடுக்கிறது. இப்போது எழுத்துரு என்பது புள்ளிக்கோலம் இல்லை, வளைகோடுகளாகச் சொல்லப்பட்ட உருவம், எந்த அளவுக்கும் நீளும். 14 பகுதி ஜாதகமும் போய்விட்டது. "டெஜாவு சான்ஸ், 11 புள்ளி" என்று மனிதர் பேசுவது போலச் சொன்னால் போதும், எழுத்துருவைத் தேடும் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம் எடுத்துக் கொடுக்கும். முக்கியமாக, பெயரின் வாலில் குறிமுறை இல்லை. எழுத்துரு யூனிகோடு எண்களால் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது, எந்தக் கோப்பு எந்தக் குறிமுறை என்பது அதன் கவலை இல்லை. ஒட்டிப் பிறந்த இரட்டையர்களைப் பிரித்த அறுவை சிகிச்சை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பழைய முறையிலேயே யூனிகோடு எழுத்துரு செய்ய முயலவில்லையா என்றால், செய்தார்கள். பெயரின் வாலில் ஐஎஸ்ஓ10646, 1 என்று முடியும் எழுத்துருக்கள் அவை. ஆனால் அந்தப் பழைய நெறிமுறையில் ஓர் எழுத்துருவின் அளவு விவரம் கேட்டால் அதிலுள்ள எல்லா எழுத்துக்கும் சேர்த்துத்தான் பதில் வரும், எழுத்துக்கு 12 பைட் வீதம். 65,536 இடங்களுக்கும் நீளும் எழுத்துரு என்றால் முக்கால் எம்பி, ஒரே ஓர் எழுத்தை வரைய! தவிர, எண்ணைக் குறிக்க இரண்டே பைட்தான், அதனால் 65,535-க்கு மேல் இருக்கும் எமோஜி வகையறா எல்லாம் எட்டாக்கனி.

சிடிஇ-யின் பொத்தான், மெனு எல்லாவற்றையும் வரைவது மோட்டிஃப் என்ற நூலகம். மோட்டிஃப் 2.3-ல் எக்ஸ்எஃப்டிக்கும் யூடிஎஃப்-8-க்கும் ஆதரவு வந்துவிட்டது, ஆனால் தானாக எதுவும் நடக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். நிரல்களின் தோற்ற அமைப்புகளை எழுதி வைக்கும் எக்ஸ் ரிசோர்ஸ் கோப்பில், ரெண்டர் டேபிள் என்ற எழுத்துரு விவரப் பட்டியல் ஒன்றுக்குப் பெயர் வைத்து, அதன் வகை எக்ஸ்எஃப்டி, குடும்பம் இன்னது, அளவு இத்தனை என்று மூன்று நான்கு வரி எழுத வேண்டும். ஒரு மாதிரிக் கோப்பைத் தேடி எடுத்து அதில் குடும்பப் பெயரை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம். நான் கையால் அடித்து ஒரு நட்சத்திரக் குறியை விட்டுவிட்டேன், ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் எக்ஸ் அந்த வரியை ஒதுக்கித் தள்ளியது, அரை நாள் போனது.

இங்கே ஒரு விஷயம். இன்றைய டெஸ்க்டாப்களில், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் வேறோர் எழுத்துருவிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். எக்ஸ்எஃப்டி தானாக அதைச் செய்யாது, நீங்கள் சொன்ன ஒரே எழுத்துருவுக்குள்தான் தேடும். அதனால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே இருக்கும் எழுத்துருவாகப் பார்த்துக் கொடுங்கள். குனு ஃப்ரீஃபான்ட் தொகுப்பின் ஃப்ரீசெரிஃப் அப்படிப்பட்டது. பார்க்கச் சுமார்தான், ஆனால் கட்டம் வராது.

எழுத்துருவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, நான் பின்னால் செய்தேன். லோக்கேல். "இந்த அமர்வில் வரும் பைட்டுகளை எந்த ஒப்பந்தப்படி படிப்பது" என்று நிரல்களுக்குச் சொல்லும் அமைப்பு இது. லோக்கேல் கட்டளையை '-ஏ' தெரிவோடு ஓட்டினால் உங்கள் கணினியில் எவையெல்லாம் நிறுவப்பட்டுள்ளன என்று பட்டியல் வரும். அதில் யூடிஎஃப்-8 என்று முடிவது ஒன்றாவது இருக்க வேண்டும், அதை லாங் என்ற சூழல் மாறியில் (எல்லா நிரலும் பார்க்கும் அமைப்பு மதிப்பு) வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதில்தான் சிடிஇ காலை வாரும். அதன் உள்நுழைவு மேலாளர் வழியாக நுழையும்போது உங்கள் வழக்கமான ப்ரொஃபைல் கோப்பை அது படிக்காது. ஹோம் அடைவில் டிடிப்ரொஃபைல் என்று புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்று இருக்கும், அதைத்தான் படிக்கும். அதன் கடைசியில், "என் ப்ரொஃபைலையும் படி" என்று சொல்லும் ஒரு வரி கருத்துக்குறிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும், குறியை எடுத்துவிட்டால் விழித்துக்கொள்ளும். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தேன், கோடு போட்ட 'ஏ'க்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. என்ன, அந்த இடத்தில் கட்டங்கள். கட்டத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான், படிப்பது சரியாகிவிட்டது, அச்சுப்பெட்டி மட்டும்தான் காலி என்று அர்த்தம்.

லோக்கேலை மாற்றிய பிறகு பழைய கோப்புகள் கெட்டுப்போனது போலத் தெரியலாம். யூனிக்ஸில் கோப்புப் பெயர் என்பதும் வெறும் பைட் வரிசைதான், எந்தக் குறிமுறை என்று எங்கும் குறித்து வைப்பதில்லை. லத்தீன்-1 காலத்தில் வைத்த பெயர்கள் இப்போது கேள்விக்குறிகளாகும். பெயரை மாற்ற கன்வ்எம்வி, உள்ளடக்கத்தை மாற்ற ஐகான்வ். ஐகான்விடம் "எதிலிருந்து, எதற்கு" என்று இரண்டையும் சொல்ல வேண்டும், 'எதிலிருந்து' என்பதைத் தப்பாகச் சொன்னால் அது உங்களை நம்பிவிடும். நான் ஏற்கெனவே யூடிஎஃப்-8-ல் இருந்த ஓர் அடைவு முழுவதையும் லத்தீன்-1 என்று சொல்லி மாற்றிவிட்டேன். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் ஆறாகி, கோப்புகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு பருத்துவிட்டன. பதறாமல் அதே கட்டளையைத் திசை மாற்றி ஓட்டினால் பழையபடி வந்துவிடும், எனக்கு வந்தது. இருந்தாலும் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூடிஎஃப்-8-க்கு மாறுவது பயன்படுத்துகிறவருக்கு ஒரு வரி வேலை, நிரல் எழுதினவர்களுக்கு அப்படியில்லை. பழைய நிரல்கள் ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து என்று நம்பி எழுதப்பட்டவை. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. வட்டில் 15 பைட். பேக்ஸ்பேஸ் தட்டினால் எதை அழிப்பது? ஒரு பைட்டை அழித்தால் கடைசிக் குறி சிதைந்த சரம் மிஞ்சும். மெனுவில் இடம் போதவில்லை என்று 10-வது பைட்டில் வெட்டினால் நான்காவது குறி அந்தரத்தில் தொங்கும். இப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதுதான் ஒரு பழைய டெஸ்க்டாப்பை நவீனமாக்குவதில் வெளியே தெரியாத உழைப்பு. அதனால் டிடிடெர்ம் (கட்டளைகள் தட்டும் டெர்மினல்), டிடிபேட் (உரைத் திருத்தி) போன்ற சிடிஇ-யின் சொந்தக் கருவிகள் எங்காவது இடறினால் மல்லுக்கட்டாதீர்கள், அதே ஜன்னல்களுக்கு நடுவே எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலைத் திறந்து யூடிஎஃப்-8 முறையில் ஓட்டுங்கள். தோற்றம் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு என்எஸ்சிடிஇ இருக்கிறது, எஃப்விடபிள்யூஎம் என்ற ஜன்னல் மேலாளரின் மேல் சிடிஇ வேடம் போட்டது, எக்ஸ்எஃப்டி எல்லாம் அதில் முதலிலிருந்தே உண்டு.

இப்போது அச்சுக்கோப்பவர். லோக்கேல் சரி, ஃப்ரீசெரிஃப் போட்டாயிற்று, கட்டங்கள் தமிழாகிவிட்டன. 'படம்' என்ற அடைவு அழகாகத் தெரிந்தது. பக்கத்தில் 'கொடி' என்று ஒன்று. அதில் ககரம் முதலில் நிற்க, அதன் பின்னால் கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாக நின்றன, 'டி'யில் கொக்கி ஒட்டாமல் விலகி நின்றது. காரணம், யூனிகோடு நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது, முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. அதைக் கண்ணுக்கு வேண்டிய வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று பிரித்து அடுக்க ஒரு தனி நூலகம் வேண்டும், இன்று பெரும்பாலும் ஹார்ஃப்பஸ். மோட்டிஃபைப் போலவே பொத்தான், மெனு வரையும் இன்றைய நூலகங்களான ஜிடிகே, க்யூட்டி எல்லாம் இதைக் கவனித்துக்கொள்கின்றன. மோட்டிஃப் எக்ஸ்எஃப்டியிடம் நேராகக் கொடுக்கிறது, எக்ஸ்எஃப்டி வந்த வரிசையில் வரைந்துவிட்டுப் போகிறது. பெட்டி நிறைய அச்சு, கோப்பவர் லீவு.

வேடிக்கை என்னவென்றால், 1990-களின் பிற்பகுதியில் இணையத்தில் கூடிய தமிழர்கள் உருவாக்கிய டிஸ்கி குறிமுறைக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ஒரு பைட் குறிமுறை அது, கொம்புக்குத் தனி எண், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். ஒட்டி எழுத வேண்டிய உருவங்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. கோப்பவர் செய்யும் வேலையை எழுதுகிறவரே செய்துவிடுவதால் பழைய எக்ஸ் எழுத்துருவுக்கு அது தோதான குறிமுறை, எக்ஸின் லோக்கேல் கோப்புகளில் டிஸ்கிக்கு இடமே இருக்கிறது. லினக்ஸின் ஐகான்வுக்கும் டிஸ்கி தெரியும், பழைய டிஸ்கி கோப்பு வைத்திருப்பவர்கள் ஒரே கட்டளையில் யூனிகோடாக்கலாம். பாமினிக்கு அந்த வசதி இல்லை, தனி மாற்றிதான் வேண்டும்.

அதனால் இப்போதைக்கு என் ஏற்பாடு இப்படி: டெஸ்க்டாப் சிடிஇ, தமிழ் எழுதுவதற்கு அதற்குள்ளேயே ஒரு ஜிடிகே எடிட்டர். எடிட்டருக்குள் 'கொடி' கச்சிதமாகத் தெரிகிறது. மேலே ஜன்னலின் தலைப்புப் பட்டையை வரைவது மட்டும் இன்னும் சிடிஇ-தான், அங்கே அதே கோப்பின் பெயர் ககரத்துக்குப் பின்னால் கொம்பை வைத்துக்கொண்டு நிற்கிறது.